ஃபிரெஸ்னோ பூந்தோப்புப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆனதும் என் போனுக்கு வரும் முதல் கேள்வி, "பூ வந்துடுச்சா அக்கா?" என்பதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில், ஃப்ரீமாண்டில் குடியிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், ஃபிரெஸ்னோவைச் சுற்றியுள்ள பழத்தோப்புகள் பூக்கும்போது வருடம் தவறாமல் போய்வருகிறேன். பார்த்துவிட்டு வந்து நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. சொன்னால் கேள்விகள் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே வைத்திருக்கிறேன்.

1. ப்ளாசம் டிரெயில்னு சொல்றாங்களே, அது பார்க்கா? டிக்கெட் எடுக்கணுமா?

பார்க் இல்லை. நுழைவாயிலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஃபிரெஸ்னோ நகரத்துக்குக் கிழக்கிலும் தெற்கிலும் தோப்புகளுக்கு நடுவே போகும் சாதாரணச் சாலைகளை ஒன்றோடொன்று கோத்து, சுமார் 62 மைல் சுற்றாக ஆக்கியிருக்கிறார்கள். நம் கணக்கில் 100 கிலோமீட்டர். உங்கள் காரில், உங்கள் வேகத்தில் போகலாம். வரைபடம் ஃபிரெஸ்னோ கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) சுற்றுலாப் பக்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பலர் கிளோவிஸ் அவென்யூவும் ஜென்சன் அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருக்கும் சிமோனியன் ஃபார்ம்ஸ் பழக்கடையிலிருந்து தொடங்குவார்கள். 1901-இல் ஆரம்பித்த கடை. அங்கிருந்து சாங்கர், சென்டர்வில், மின்க்லர், ஆரஞ்ச் கோவ் பக்கம், ரீட்லி என்று போய், செல்மா, ஃபௌலர் வழியாகத் திரும்பலாம். முழுச் சுற்றையும் முடித்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சாங்கருக்கும் ரீட்லிக்கும் இடையில் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினாலும் மனசு நிறையும்.

2. எப்போ போகணும்? கரெக்டா ஒரு தேதி சொல்லுங்க.

தேதி சொல்ல முடியாது, வாரம் சொல்லலாம். பாதாம்தான் முதலில் பூக்கும். பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து மாதக் கடைசி வரை. அதை ஒட்டியே பிளம், ஆப்ரிகாட், அதற்குப் பின்னால் பீச்சும், வழுவழுத் தோல் பீச்சான நெக்டரினும். பீச் முழுவீச்சில் இருப்பது பெரும்பாலும் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பத்து நாள்.

மரத்துக்குக் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரக் குளிர் வேண்டும், பிறகு இத்தனை வெதுவெதுப்பு வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டும் நிறைந்தால்தான் மொட்டு விரியும். பாதாமுக்கு இரண்டுமே குறைவாகப் போதும்; அதனால்தான் அது முந்திக்கொள்கிறது. 2023-இல் குளிரும் மழையும் விடாமல் அடித்ததில் பாதாமே தாமதமாகத்தான் பூத்தது.

ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு நான் சொல்வது மார்ச் முதல் சனிக்கிழமை. பாதாம் உதிர்ந்துகொண்டிருக்கும், பீச் மலர்ந்திருக்கும். வெள்ளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, தரையில் வெள்ளையும் மரத்தில் இளஞ்சிவப்புமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

3. பே ஏரியாவிலிருந்து ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

தாராளமாக. ஃப்ரீமாண்டிலிருந்து ஃபிரெஸ்னோ சுமார் மூன்று மணி நேரம். 101-ஆம் நெடுஞ்சாலையில் கில்ராய் வரை போய், 152-இல் பச்சேகோ கணவாய் ஏறி இறங்கி, லாஸ் பானோஸ் தாண்டி 99-ஐப் பிடிக்க வேண்டும். கணவாயின் குன்றுகள் வருடத்தில் பாதி நாள் காய்ந்த புல்லாகக் கிடக்கும். இந்தச் சமயத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும். சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தைத் தாண்டிச் சமவெளியில் இறங்கினால், சௌசில்லா, மடேரா பக்கத்திலேயே பாதாம் தோப்புகள் ஆரம்பித்துவிடும். ஃபிரெஸ்னோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குத் தோப்புச் சாலையில் இருக்கலாம். சுற்றுக்கு நிறுத்தி நிறுத்திப் போக நாலைந்து மணி நேரம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமிருந்து வருபவர்களுக்கும் 99 வழியாக மூன்றரை, நாலு மணி நேரம்தான்.

4. வெள்ளையா இருக்கிறதெல்லாம் பாதாமா? எது எந்தப் பூன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாதாம், பிளம், பீச், நெக்டரின், ஆப்ரிகாட் எல்லாமே ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ், எல்லாமே இலை துளிர்க்கும் முன்போ துளிர்க்கும்போதோ பூப்பவை. அதனால் குழப்பம் வருவது இயல்புதான்.

நான் பார்க்கும் முறை இது. பூ வெள்ளையாக, கொஞ்சம் பெரியதாக, நடுவில் மட்டும் ரோஸ் கசிந்தது போல இருந்து, காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் பாதாம். பாதாம் மரங்கள் உயரமாகவும் இருக்கும். பூ தூய வெள்ளையாகச் சின்னதாக, காம்பு வைத்துக் கொத்துக்கொத்தாக நெருங்கியிருந்தால் பிளம். பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தால் பீச் அல்லது நெக்டரின்; இந்த இரண்டையும் பூவை வைத்து எனக்கும் பிரிக்கத் தெரியாது. பீச் மரத்தின் வடிவம்தான் அடையாளம். கையால் பறிக்க வேண்டிய பழம் என்பதால் மரத்தைக் குட்டையாக வெட்டி, நடுவைக் கிண்ணம் மாதிரி திறந்து வைத்திருப்பார்கள். பாதாமை ஆகஸ்டில் இயந்திரம் அடிமரத்தைப் பிடித்து உலுக்கி உதிர்த்துவிடும். அதற்குக் குட்டை மரம் தேவையில்லை.

5. நம்ம ஊர் பாதாம் மரம் இப்படிப் பூக்காதே?

அது வேறு, இது வேறு. நம் பள்ளிக்கூட மைதானத்தில் தட்டுத்தட்டாகக் கிளை விரித்து, பெரிய இலை சிவந்து உதிருமே, அது நாட்டு வாதுமை. அதன் காயைக் கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் மெல்லிய பருப்பைத் தின்றிருப்போம். அதற்கும் கடையில் வாங்கும் பாதாமுக்கும் உறவே கிடையாது. கடைப் பாதாமின் அக்காள் தங்கைகள் பீச்சும் பிளம்மும்தான். பீச்சில் சதையைத் தின்று கொட்டையை எறிகிறோம்; பாதாமில் சதை காய்ந்து வெடித்து விழ, கொட்டைக்குள் இருப்பதைத் தின்கிறோம்.

உலகத்தில் விளையும் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கலிஃபோர்னியாவிலிருந்துதான் போகிறது. அதை அதிகம் வாங்கும் வெளிநாடு இந்தியா. ஊரில் அம்மா ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலுரித்துக் கொடுத்த பாதாம் இந்த மரங்களில் ஒன்றில் காய்த்ததாகவும் இருக்கலாம்.

6. அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்காங்க. முட்டி வலி, நடக்க முடியாது. அவங்களுக்கு இது சரிப்படுமா?

அவர்களுக்குத்தான் முதலில் சரிப்படும். கலிஃபோர்னியாவில் நாம் கூட்டிப்போகும் இடங்களில் பாதிக்கு மேல் நடை. இங்கே சாலையின் இரண்டு பக்கமும் பத்தடி தூரத்தில் மரம். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால் வாசனை காருக்குள் வரும்.

என் அம்மா தேனிப் பக்கம். திராட்சையும் வாழையும் பார்த்து வளர்ந்தவர். முதல் தோப்பைப் பார்த்ததும், "என்னடி, இலை ஒண்ணுகூட இல்லாம பூவா நிக்குது" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. ரீட்லியை நெருங்கும்போது, இலையில்லாத திராட்சைக் கொடிகளைக் கம்பியில் கட்டிவைத்திருந்த தோட்டம் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது. கவாத்து எப்படிப் பண்ணியிருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். செல்மா, ஃபௌலர் பக்கமெல்லாம் உலர்திராட்சைக்குப் பேர்போன ஊர்கள். விவசாயக் குடும்பத்துப் பெரியவர்களைக் கூட்டிப்போனால் பூ இல்லாத வயலையும் காட்டுங்கள்.

7. தோப்புக்குள்ள போய் போட்டோ எடுக்கலாமா? வேலிகூட இல்லையே.

கூடாது. வேலி இல்லை என்பதால் அது பொது இடம் ஆகிவிடாது. ஒவ்வொரு வரிசையும் ஒருவருடைய சொந்த நிலம், அந்த நேரத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும் நிலம். பூக்காலத்தில் பூஞ்சைக்கு மருந்து அடித்திருப்பார்கள். எந்த வரிசையில், எப்போது என்று நமக்குத் தெரியாது. தரையில் சொட்டுநீர்க் குழாய் ஓடும், மிதித்தால் உடையும். கிளையைப் பிடித்து இழுத்தால் உதிரும் ஒவ்வொரு பூவும் ஒரு காய்.

சாலையோரத்தில் நின்று எடுத்தாலே படம் நன்றாக வரும். வரிசையின் முனையில், சாலை ஓரமாகவே நின்றுகொண்டு, மரங்களுக்கு நடுவே ஓடும் நீளத்தைப் பின்னணியாக வையுங்கள். காரைச் சாலையை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள். அந்தச் சாலைகளில் டிராக்டரும் லாரியும் வேகமாக வரும். வாய்க்கால் கரைப்பக்கம் குழந்தைகளை விடவே வேண்டாம். கரை செங்குத்து, தண்ணீர் இழுப்பு அதிகம். உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால், பணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களை அனுமதிக்கும் தோட்டங்கள் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

8. தோப்போரமா அடுக்கி வெச்சிருக்கே, அதெல்லாம் தேனீப் பெட்டியா? பயமா இருக்கு, குழந்தைங்களை இறக்கலாமா?

ஆமாம், தேனீப் பெட்டிகள்தான். இந்தப் பயணத்தில் பூவுக்குச் சமமாக நான் பார்க்கச் சொல்வது அவற்றைத்தான். பாதாமின் முக்கியமான ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஒரு ரகத்தின் மகரந்தம் இன்னொரு ரகத்துக்குப் போக வேண்டும். கொண்டுபோக ஆள் தேனீதான். ஒரு ஏக்கருக்குச் சுமார் இரண்டு பெட்டி என்று கணக்கு. மாநிலம் முழுக்கப் பாதாம் தோப்புகள் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல். உள்ளூர்ப் பெட்டிகள் எப்படிப் போதும்? ஃபுளோரிடா, டகோட்டா என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இருபது லட்சம் பெட்டி அளவுக்கு லாரிகளில் ஏற்றி, வலை போர்த்திக் கொண்டுவருகிறார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பருவ வாடகை சுமார் 200 டாலர். பெட்டியையே திருடிக்கொண்டு போகிறவர்களும் உண்டு என்றால் அதன் மதிப்பு புரியும்.

தேனீக்கும் வேலை நேரம் இருக்கிறது. வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் வெளியே வராது. மழையிலும் பலத்த காற்றிலும் வராது. குளிர்ந்த காலையில் தோப்பு நிசப்தமாக இருக்கும். பதினொரு மணிவாக்கில் வெயில் ஏறியதும் மெல்ல ஒரு ரீங்காரம் ஆரம்பித்துத் தோப்பு முழுக்கப் பரவும். காரை அணைத்துவிட்டு அதைக் கேளுங்கள். சாலையோரக் கிளை ஒன்றை உற்றுப் பார்த்தால், பின்னங்காலில் மகரந்த உருண்டையைச் சுமந்துகொண்டு தேனீ பூவுக்குள் தலைகீழாக நுழைவது தெரியும்.

குழந்தைகளை இறக்கலாம். பூவில் இருக்கும் தேனீ தன் வேலையைத்தான் பார்க்கும். பெட்டியின் வாய்க்கு நேராக நிற்கக் கூடாது, பெட்டியைத் தட்டக் கூடாது. அன்றைக்கு சென்ட் போட வேண்டாம். கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு ஐஸ் வையுங்கள். தேனீக்கடி ஒவ்வாமை இருப்பவர்கள் மருத்துவர் கொடுத்த ஊசி கையில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

9. அப்போ பாதாம் பூத் தேன் வாங்கிட்டு வரலாமா?

பாதாம் தேன் கசக்கும். அதனால் பெரும்பாலும் யாரும் விற்பதில்லை. கூட்டுக்கே உணவாக விட்டுவிடுவார்கள். வாங்க வேண்டும் என்றால் ஆரஞ்சுப் பூத் தேன் கேளுங்கள்.

10. சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் எப்படி?

தோப்புச் சாலைகளில் ஒன்றும் கிடையாது. சாங்கர், ரீட்லி, செல்மா ஊர்களுக்குள் போனால் எல்லாம் உண்டு. பெட்ரோலோ சார்ஜோ ஃபிரெஸ்னோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நான் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவேன். இந்தப் பகுதியில் பஞ்சாபி விவசாயக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. செல்மாவில் குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் லங்கரில் உட்காரவைத்துச் சூடாகச் சாப்பாடு போடுவார்கள். ஒருமுறை போங்கள், உண்டியலிலும் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

11. அன்னைக்கு மழைன்னு போட்டிருக்கு. கேன்சல் பண்ணிடலாமா?

தூறல் என்றால் போகலாம். மேகமூட்டத்தில் இளஞ்சிவப்பு இன்னும் அடர்த்தியாகத் தெரியும். பலத்த மழையும் காற்றும் என்றால் ஒத்திப்போடுங்கள். முழுதாக மலர்ந்த தோப்பை ஒரு ராத்திரிக் காற்று காலி செய்துவிடும்.

மழை விட்ட மறுநாள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சாலையோர மண். ஒரு வருடம் மழை நின்ற மறுநாள் போய், காட்டுப்புல் மூடிய ஓரத்தில் காரை இறக்கினேன். முன்சக்கரம் இரண்டும் களிமண்ணில் புதைந்துவிட்டன. முக்கால் மணி நேரம் கழித்து அந்தத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். காசு கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய வேலை நேரத்தில் அவ்வளவையும் நான் எடுத்துக்கொண்டது இன்னும் உறுத்துகிறது. சரளைக்கல் போட்ட இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். இரண்டாவது, மூடுபனி. மழைக்குப் பின் காற்றில்லாத இரவு வந்தால், காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் முன்னால் போகும் வண்டி தெரியாத அளவுக்குப் பனி இறங்கும். 99-இல் இதனால் நடந்த தொடர் விபத்துகள் பல. பனி இருந்தால் பத்து மணி வரை எங்காவது டீ குடித்துக்கொண்டு உட்காருங்கள். பூ எங்கேயும் போய்விடாது.

12. எனக்கு அலர்ஜி, தும்மல். இவ்வளவு பூவுக்கு நடுவில தாங்குவேனா?

இந்தப் பூக்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் உடம்பில் ஒட்டிப் போவதற்காக உள்ளது. தும்மல் வரவைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தம்தான். அதுவும் அதே பருவத்தில் அங்கே இருக்கும் என்பதால் வழக்கமான மாத்திரையை மறக்க வேண்டாம். புழுதி பறக்கும் நாளில் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையால் வேல்லி ஃபீவர் (பள்ளத்தாக்குக் காய்ச்சல்) என்ற நுரையீரல் நோய் வருகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

13. சில மரங்களுக்கு மட்டும் முழுசா வெள்ளை வலை போட்டு மூடியிருக்காங்களே? அடிமரத்துல வேற சுண்ணாம்பு மாதிரி பூசியிருக்கு.

அடிமரத்துப் பூச்சு வெயிலுக்காக. இளம் பட்டை வெயிலில் வெடித்தால் பூச்சியும் நோயும் நுழையும்.

வலை போட்டவை பெரும்பாலும் மாண்டரின் ஆரஞ்சு. மார்ச் நடுவுக்குப் பின் போனால் பார்க்கலாம். எட்டாம் கேள்வியில் தேனீக்காக லாரி லாரியாகச் செலவழிப்பதைச் சொன்னேன் அல்லவா, இங்கே நேர்மாறு. வேறு சிட்ரஸ் ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால் மாண்டரின் சுளையில் விதை வந்துவிடும். விதையில்லாப் பழம்தானே கடையில் கேட்கிறோம்! அதனால் பூக்கும் காலம் முடியும்வரை தேனீயை உள்ளே விடாமல் மூடுகிறார்கள்.

14. பூவும் ஸ்னோவும் ஒரே டிரிப்ல பார்க்க முடியுமா?

முடியும். மின்க்லர் வழியாகப் போகும் 180-ஆம் சாலையே கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு ஏறுகிறது. மார்ச்சில் மேலே கிராண்ட் குரோவில் செக்வோயா மரங்கள் பனியில் நிற்கும். டயர் சங்கிலி கையில் இருக்க வேண்டும், பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் இரண்டையும் காருக்குள்ளிருந்துதான் பார்ப்பீர்கள். ஒரு ராத்திரி ஃபிரெஸ்னோவில் தங்குங்கள்.

15. மார்ச் கடைசிதான் லீவு கிடைக்குது. பீக் முடிஞ்சுடுமே, போறது வேஸ்ட்டா?

இரண்டாம் கேள்வியில் சொன்ன பூக்கள் முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் ஆரஞ்ச் கோவ் பக்கம் மலையடிவாரத்தில் சிட்ரஸ் தோப்புகள் இருக்கின்றன. மார்ச் கடைசியில் மொட்டுவிட ஆரம்பித்து ஏப்ரலில் முழுதாகப் பூக்கும். பார்வைக்குப் பீச் மாதிரி இல்லை. பச்சை இலைக்குள் சின்ன வெள்ளைப் பூ. வாசனைதான் விஷயம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நம் எலுமிச்சைப் பூவும் மல்லிகையும் கலந்தது போல மைல் கணக்கில் வரும். போன வருடக் காயும் சில மரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். பழமும் பூவும் ஒரே கிளையில் பார்க்கலாம்.

16. பாதாம் அவ்வளவு தண்ணி குடிக்குது, ஊரே வறண்டு போகுதுன்னு படிச்சேன். அதைப் போய்க் கொண்டாடணுமா?

நியாயமான கேள்வி. தக்காளியோ வெங்காயமோ என்றால் வறட்சி வருடத்தில் நிலத்தைத் தரிசாக விடலாம். மரத்தை அப்படி விட முடியாது. ஆற்றுத் தண்ணீர் வராத வருடங்களில் ஆழ்குழாய் போட்டு இறைத்தார்கள். நிலத்தடி நீர் இறங்கி, சில இடங்களில் நிலமே தாழ்ந்தது. பக்கத்து டுலாரி கவுண்டியின் ஈஸ்ட் போர்ட்டர்வில்லில் 2014 வாக்கில் ஏழைத் தொழிலாளர் வீடுகளின் கிணறுகள் வற்றி, குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். அந்த வருடம்தான் மாநிலம் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. 2040-க்குள் இறைப்பதும் ஊறுவதும் சமமாக வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்காக இப்போதே சில தோப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். போகும் வழியில், வேரோடு சாய்த்து அடுக்கிய மரங்களையும் பார்ப்பீர்கள். அதில் சில வயதாகி மாற்றப்படுபவை, சில தண்ணீர் இல்லாததால்.

நான் போவதை நிறுத்தவில்லை. பூவைப் பார்க்கப் போய்த்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்கிறேன்.

17. ஒரே ஒரு கிளை ஒடிச்சுக்கலாமா? சாமி படத்துக்கு வைக்கத்தான்.

வேண்டாம். ஏழாம் கேள்வியில் சொன்ன காரணம்தான். சாமிக்கு என்றாலும் அது அடுத்தவருடைய விளைச்சல். உதிர்ந்ததை எடுக்கலாம். சாலையோரத்திலேயே காற்று கொண்டுவந்து சேர்த்த இதழ்கள் குவியலாகக் கிடக்கும். அம்மா காரிலிருந்து இறங்காமலே கதவைத் திறந்து, குனிந்து ஒரு கை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி முருகன் படத்துக்கு முன்னால் பரப்பினார். காலையில் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அதை அள்ளி எங்கள் பால்கனி ரோஜாத்தொட்டியில் போட்டார்.